என் பேரில் இருந்த முப்பத்தேழு பெயர்கள்

போன மாதம் பல் டாக்டரைப் பார்க்க ஈப்போ டவுனுக்குப் போனவள், அப்படியே என் பழைய ஆபீசுக்கும் மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள். இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கிய படி. நான் ஓய்வு பெற்றதும் என் மேசைக்கு வந்த ஷாமினி, ஒரு பூக்கடைக்காரருக்கு இணையத்தில் பெயர் பதிந்துகொண்டிருந்தாள். உரிமையாளர் யார் என்று கேட்கிற கட்டத்தில் தன் பெயரையே அடித்தாள்.

“ஏம்மா, கடை உன்னுதா?” என்றேன்.

“இல்லக்கா. அந்த அண்ணனுக்கு ஈமெயில் பார்க்கத் தெரியாது. போனுக்கு வர்ற நம்பரும் அவருக்குப் புரியாது. இப்போதைக்கு என் பேர்ல போட்டு வைக்கிறேன். அப்புறம் மாத்திக்கலாம்லா.”

என் பல்வலி போன இடம் தெரியவில்லை. ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று நானும் ஒரு நாள் சொன்னேன். அதற்கு நான் பட்டதை அவளிடம் உட்கார்ந்து சொன்னேன். இந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் பத்து காஜா டவுன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, படிப்பு நின்றது. தட்டச்சு பழகினேன், ஒரு கணினிக் கடையில் பில் எழுதினேன், கெட்டுப்போன மெஷினைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். எனக்குத் தெரிந்த கணினி அவ்வளவும் அப்படி வந்ததுதான். பிறகு இந்த ஆபீசை நடத்திய மிஸ்டர் ஃபூங்கிடம் சேர்ந்தேன்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கடை போடுகிறவருக்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டும். அதை டொமேன் என்போம். முதலில் கேட்டவருக்குக் கொடுப்பார்கள். காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். உலகம் முழுக்க அந்தப் பெயர் அவர் ஒருவருக்குத்தான். டிரேட்மார்க் சட்டத்தின் போக்கு வேறு. அங்கே என்ன பொருள் விற்கிறாய் என்று பார்ப்பார்கள். ஒரே பெயரைச் சம்பல் விற்கிறவரும் பதியலாம், வீடு கட்டுகிறவரும் பதியலாம். ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் பிழைத்துக்கொள்ளலாம். இணையத்திலோ வாசல் ஒன்று. அந்த ஒரே வாசலில் இரண்டு பேர் வந்து நிற்கும்போதுதான் எங்களுக்கு வம்பு வரும்.

மிஸ்டர் ஃபூங் மெலிந்த மனிதர். எந்தக் கடிதம் வந்தாலும் அச்செடுத்து மேசையில் வைத்து, மர ரூலரை வரிக்கு அடியில் நகர்த்தி நகர்த்திப் படிப்பார். மூன்று முறை. முதல் முறை யார் எழுதினார் என்பதற்கு, இரண்டாம் முறை தேதிகளுக்கு, மூன்றாம் முறை என்ன கேட்கிறார் என்பதற்கு. கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கவே மாட்டார். நான் அவசரப்பட்டால், “ஸ்டெல்லா, பெலான்-பெலான்” என்பார், மெதுவாக என்று. நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் வைத்த விதிகள் இரண்டு. ஒரு டொமேனின் உரிமையாளர் பெயரை மாற்றினால், பழைய உரிமையாளரும் புது உரிமையாளரும் மஞ்சள் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யார் போன் செய்தாலும் நீலப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். புத்தகத்தில் நாலு கட்டம்: தேதியும் நேரமும், ஆள், டொமேன், செய்தது. நான் ஓரத்தில் என் கையால் ஒரு கோடு இழுத்து ஐந்தாவதாக ஒன்று வைத்துக்கொண்டேன்: ‘சொன்னது’. மனிதர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு எழுதாமல் இருக்க முடியாது. சவரக்கடை முனியாண்டி அண்ணன், “என் கடையைக் கூகுள்ல தேடினா என் மாமனார் கடைதான் வருது, கல்யாணத்துக்கு முன்னால தேடியிருக்கணும்” என்றார். அதை எப்படி விடுவது?

மிஸ்டர் ஃபூங்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் பக்கம் நிரம்புவது தெரியும். “ஸ்டெல்லா, இது புத்தகமா, காப்பிக்கடையா?” என்று கேட்பார். ஒரு தடவை ரூலரால் அந்த ஐந்தாவது கட்டத்தைத் தட்டி, “இது வேண்டாம்” என்றே சொல்லிவிட்டார். நான் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மஞ்சள் படிவம்தான் சிரமம். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து சின்னதாகத் தொழில் தொடங்கியவர்கள். ஈமெயில் கிடையாது, இருந்தாலும் மகனுடையது, மகன் எங்கேயோ. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், நல்லது செய்வதாக நினைத்து, அவர்களுடைய டொமேன்களை என் பெயரில், என் ஈமெயிலில் பதிந்துவைத்தேன். காலாவதிக் கடிதம் எனக்கு வரும், நான் புதுப்பித்துவிடுவேன், அவர்கள் நிம்மதியாக வியாபாரம் பார்ப்பார்கள். தெரிந்த மற்ற கடைகளிலும் இப்படித்தான் செய்தார்கள். அவர்கள் என்னை நம்பினார்கள், எனக்கும் அது பெருமையாக இருந்தது.

பவளம் அக்காவின் டொமேனும் அப்படி என்னிடம் வந்ததுதான்.

அக்கா கின்வேல் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்று ஆட்களை வெளியேற்றியபோது குனோங் ராபாட்டுக்கு வந்து, வீட்டின் பின்கட்டில் மிளகாய் அரைத்து நெத்திலிச் சம்பல் கிளறிப் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தார். ‘கின்வேல் சம்பல்’ என்று பெயர். மகன் தேவன் தன் பெயரில் கின்வேல் டாட் காம் என்று டொமேன் எடுத்துக் கொடுத்தான். கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று ஆர்டர் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். தன்னோடு தோட்டத்தில் வேலை செய்த நாலு பெண்களுக்கு அக்கா சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். அவன் பழைய ஈமெயிலை யாரும் பார்க்கவில்லை. டொமேன் காலாவதியாக மூன்று நாள் இருக்கும்போது தற்செயலாக என் கண்ணில் பட்டது. தேவனிடம் பாஸ்வேர்ட் வாங்கிப் புதுப்பித்தேன். கையோடு உரிமையாளர் பெயரையும் என் பெயருக்கு மாற்றினேன். மஞ்சள் படிவம் போடவில்லை. தேவன் தீபாவளிக்கு வருவான், அப்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். தீபாவளி வந்தது, அவனும் வந்தான், எனக்கு மறந்துபோனது.

நான் பெயர் மாற்றியதற்குச் சில மாதம் முன்னால்தான், தோட்டத்து நிலத்தை வாங்கிய வீட்டுமனை நிறுவனம் அங்கே கட்டப்போகும் குடியிருப்புக்குக் கின்வேல் என்றே பெயர் வைத்து, டிரேட்மார்க்குக்கும் மனுப் போட்டிருந்தது. எனக்கு அப்போது தெரியாது.

ஒரு காலையில் அக்காவின் புதுப் போன் நம்பரை மாற்றப் போனேன். மாற்ற முடியவில்லை. ‘தகராறு காரணமாகப் பூட்டப்பட்டுள்ளது’ என்று வந்தது. என் ஈமெயிலின் குப்பைப் பெட்டியைத் திறந்தேன். பாகான் டத்தோவில் தங்கை மகள் கல்யாணத்துக்கு நான் லீவில் போயிருந்த வாரத்தில் வந்து விழுந்து கிடந்தது, அந்த வீட்டுமனை நிறுவனம் டொமேன் தகராறு மன்றத்தில் போட்ட புகார். பதில் கொடுக்க இருபது நாள். அதில் எட்டு நாள் போயாகிவிட்டது.

பிரதிவாதி என்று இருந்த இடத்தில் பவளம் அக்காவின் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது.

மிஸ்டர் ஃபூங் ரூலரை எடுத்தார். மூன்று முறை படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்லவில்லை. புகார் மூன்று அடி அடித்திருந்தது. ஒன்று, இந்த ஸ்டெல்லா என்பவர் எங்கள் டிரேட்மார்க் மனுவுக்குப் பிறகுதான் டொமேனைக் கைப்பற்றினார். இரண்டு, இவர் பெயர்களைப் பிடித்துவைப்பதையே தொழிலாகக் கொண்டவர். அதற்குச் சாட்சியாக, என் பெயரில் இருந்த முப்பத்தேழு டொமேன்களின் பட்டியலை இணைத்திருந்தார்கள். முனியாண்டி அண்ணன் சவரக்கடை, ஒரு கோயில், ஒரு சர்ச், ஒரு லாரி கம்பெனி என்று வரிசையாக. அதைப் பார்த்தால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது. மூன்றாவது, எங்கள் வக்கீல் போனில் பேசியபோது, இவருடைய ஆள் ஒரு பெண்மணி, டொமேனுக்கு விலையாகக் கட்டடங்கள் கட்டித்தருமாறு கேட்டார்.

“மஞ்சள் படிவம்?” என்றார் மிஸ்டர் ஃபூங்.

“போடல, பாஸ்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஒரு டொமேன் வேறு ஒருவர் கைக்குப் போனால், போன நாளைத்தான் பதிந்த நாளாக எடுப்பார்கள். அது தெரியும்தானே? நீ மாற்றிய அன்றைக்கு அவர்கள் மனு முன்னால் நிற்கிறது. தேவன் பதிந்த அன்றைக்கு மனுவே கிடையாது. இடையில் உரிமை கை மாறவே இல்லை, நீ பார்த்துக்கொண்டாய், அவ்வளவுதான் என்று காட்ட வேண்டும். காட்ட ஏதாவது வைத்திருக்கிறாயா?”

என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானமே குனோங் ராபாட்டுக்குப் போனேன். பின்கட்டில் இரண்டு சட்டியில் சம்பல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பவளம் அக்கா கரண்டியை நிறுத்தவில்லை.

“அப்ப அந்தப் பேரு போயிருமா?”

“போகலாம்க்கா.”

“போனா, என் பாட்டில்ல இருக்கிற பேரை அடிச்சா அவங்க வீடு விக்கிற எடம் வருமா?”

“ஆமாக்கா.”

“இத்தனை ஆயிரம் பாட்டில்ல அவனுக்கு நானே சும்மா விளம்பரம் ஒட்டிக் குடுத்திருக்கேன்.” சிரித்தார், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் மூடி திருகிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“கட்டடம் கட்டித்தரச் சொன்னீங்களாமே, அது என்னக்கா?”

“அதுவா? ஒரு வக்கீல் பையன் போன் பண்ணி, பேருக்கு என்ன வேணும், என்ன வேணும்னு நச்சரிச்சான்லா. எங்க மாரியம்மன் கோயிலையும் நாங்க குடியிருந்த ரெண்டு வரிசை லயத்து வீட்டையும் இடிச்சீங்களே, அதைத் திருப்பிக் கட்டிக் குடுங்க, பேரைத் தூக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். தமாசுக்குச் சொன்னேன், ஸ்டெல்லா! அவன் சிரிக்கக்கூட இல்ல.”

“அதை எழுதிக்கிட்டான்க்கா.”

கிளம்பும்போது கேட்டார்: “உன்கிட்ட அப்பவே போன்ல என்னமோ சொன்னேனே, உன் பேர்ல மாத்துறப்ப. ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் போன் என்ற வார்த்தை கேட்டதும் நீலப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

பழைய புத்தகங்கள் ஸ்டோரில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அட்டை மேல் தேதி எழுதும் பழக்கம் எங்களுக்கு இல்லை. கூரை ஒழுகி இரண்டு புத்தகங்கள் ஒட்டிப்போயிருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். மற்ற வேலையை மிஸ்டர் ஃபூங் தானே எடுத்துக்கொண்டார். நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். நாலு நாள் போனது. அத்தனை பேர் பேச்சையும் ஒருசேரப் படித்தபோது, நான் எதற்காக இவ்வளவு எழுதினேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஐந்தாம் நாள் காலையில் கிடைத்தது. நாலாவது கட்டத்தில், ‘உரிமையாளர் என் பெயருக்கு மாற்றம்’. ஓரத்தில், எறும்பு எழுத்தில்:

‘பவளம் அக்கா சொன்னது: தேவன் வர்ற வரைக்கும் உன் பேர்ல போட்டு வையி. சம்பல் என்னுது, பேரும் என்னுது, பெட்டி மட்டும் உன் வீட்ல இருக்கட்டும்.’

புத்தகத்தை அணைத்துக்கொண்டு மிஸ்டர் ஃபூங்கிடம் ஓடினேன். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அந்த ஓரத்து வரிக்கு அடியில் ரூலரை வைத்தார். பிறகு, “இந்த டொமேனைப் பற்றி வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறாய்? எல்லாவற்றையும் எடு” என்றார்.

எடுத்தபோதுதான் அடுத்தது வந்தது. பிந்திய புத்தகம் ஒன்றில், வக்கீல் பேசிய அன்றைக்கே அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், நானும் எழுதியிருக்கிறேன், எழுதியதை அடியோடு மறந்தும் இருக்கிறேன். ‘கோயிலையும் ரெண்டு வரிசை லயத்தையும் கட்டிக் குடுங்க, பேரைத் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன் (சிரிக்கிறார்).’ புகாரில் வக்கீலின் வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது, சாட்சி கிடையாது. சாட்சி என் கையெழுத்தில் எங்கள் ஸ்டோரில் இருந்தது.

“இதை அனுப்ப வேண்டாம், பாஸ். பெட்டின்னு சொன்ன பக்கம் போதும்.”

அவர் பதில் படிவத்தின் கடைசியில் ரூலரை வைத்தார். அங்கே ஒரு உறுதிமொழி உண்டு: இதில் சொன்னது எனக்குத் தெரிந்தவரை முழுமையானது, சரியானது. “கையெழுத்துப் போடப்போவது நான் இல்லை. நீ. முழுமையானது என்று போட முடியுமா?”

“போட்டா அக்கா பேரு போயிரும்.”

“போகலாம்.”

“நீங்க பாட்டுக்கு லேசாச் சொல்றீங்க!” இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றைக்கு மட்டும்தான். “அந்தப் பேரு போனா அஞ்சு வீட்ல அடுப்பு அணையும். நான் செஞ்ச தப்புக்கு அவங்க பேரைக் குடுக்கச் சொல்றீங்களா?”

அவர் குரல் உயரவில்லை. “ஒரு பக்கத்தை மறைத்தால், மீதிப் பக்கங்களும் நேற்று உட்கார்ந்து எழுதியவை என்று நடுவர் நினைக்க இடம் இருக்கிறது. அந்த அம்மாவைக் கேள். பேர் அவருடையது.”

கேட்டேன். போனில் கரண்டிச் சத்தம் நின்றது.

“சொன்னேன்தானே? சொன்னதைச் சொல்லலைன்னு எப்படிச் சொல்றது? ஆனா சிரிச்சேன்னும் எழுது.”

“எழுதியிருக்கேன்க்கா. அன்னைக்கே.”

“அப்ப அனுப்பு. உங்க முதலாளி தவுக்கேகிட்ட சொல்லு, எனக்குப் பயமாத்தான் இருக்குன்னு. இருந்தாலும் அனுப்பு.”

இரண்டு பக்கத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தச் சிரிப்பையும் விடாமல் எழுதினேன். முப்பத்தேழு டொமேன்களுக்கும் ஒவ்வொன்றாக, யாருடையது, என்ன தொழில், ஏன் என் பெயரில் இருக்கிறது என்று எழுதி, ‘இது எங்கள் தவறான பழக்கம்’ என்று முதல் வரியில் போட்டேன். முனியாண்டி அண்ணன் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தேவன் பழைய ரசீதை அனுப்பினான். டிரேட்மார்க் மனுவுக்கு முந்திய வருஷங்களின் பாட்டில் லேபிள்களை அக்கா ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார். சம்பல் வாசம் அடித்தது. இருபதாம் நாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு காத்திருந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்ல? ஈமெயில் மணி அடித்தால் கழிவறையில் போய் நின்றுகொள்வேன். அக்கா புது லேபிள் அச்சடிக்காமல் நிறுத்திவைத்தார்.

தீர்ப்பு வந்த அன்று அக்காவை ஆபீசுக்கே வரவழைத்தோம். பதினோரு பக்கம். நான் கடைசிப் பக்கத்துக்குக் கையை நீட்டினேன். மிஸ்டர் ஃபூங் ரூலரால் என் கையை ஒதுக்கினார். முதல் பக்கத்திலிருந்து, வரி வரியாக. டொமேனும் டிரேட்மார்க்கும் ஒன்றே என்று நான்காம் பக்கம் சொன்னது. “அப்ப போச்சா?” என்றார் அக்கா. “பொறுங்கக்கா.” பதிவுத் தொழில் செய்கிறவர் வாடிக்கையாளர் பெயர்களைத் தன் பெயரில் வைத்திருப்பது கண்டிக்கத்தக்கது என்று ஆறாம் பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ரூலர் நின்றது. அந்த ஓரத்து வரியை நடுவர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். உரிமை இதனிலும் தெளிவாக விளக்கப்பட்டதைத் தான் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். கோயில், லயம் விஷயத்தில், தனக்குப் பாதகமான பக்கத்தையும் பிரதிவாதியே கொடுத்திருப்பதால் அந்தப் பதிவேட்டை நம்புவதாகவும், சிரிப்போடு சொன்னது விற்பனை பேரம் ஆகாது என்றும் இருந்தது.

புகார் நிராகரிக்கப்பட்டது.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. “இப்ப அதை என் பேருக்கு மாத்து” என்றார்.

மாற்றவில்லை. மாற்றக் கற்றுக்கொடுத்தேன். பூட்டு நீங்கியதும் அக்காவை என் நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் ஒரு ஈமெயில், பிறகு மஞ்சள் படிவம், பிறகு திரையில் அந்தக் கட்டம். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். நான் உதவிவிடுவேனோ என்று பயந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த மூன்று மாதத்தில் மீதி முப்பத்தாறையும் இப்படித்தான், ஒவ்வொருவராக உட்காரவைத்து மாற்றினேன்.

உரிமையாளர்: பவளம். திரையில் வந்துவிட்டது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடியிருந்தது தோட்டத்து வீடு. வெட்டுனது தோட்டத்து மரம். பாலு தோட்டத்துப் பாலு. ஒண்ணும் என் பேர்ல இல்ல. கடைசியில பாரு ஸ்டெல்லா, தோட்டத்துப் பேரு மட்டும் என் பேர்ல இருக்கு.”

என்ன சொன்னார் என்று மிஸ்டர் ஃபூங் கேட்டார். சொன்னேன். அவர் நீலப் புத்தகத்தை எடுத்தார், அன்றைய பக்கத்தைத் திறந்தார், ரூலரை வைத்து ஐந்தாவது கட்டத்துக்குத் தானே ஒரு கோடு போட்டார், வழக்கத்தைவிட அகலமாக. பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.